ஏடறியா ஏந்தல் அய்யன்காளி

பெரும்படைகளாலும் பேரரசுகளாலும் செய்ய இயலாத மாறுதலைச் சில வேளைகளில் ஒரு தனி மனிதனின் உள்ளத்தில் முளைத்த எண்ணம் செய்து முடித்துவிடுகிறது. இதற்குச் சான்று தேடி நாம் பிரான்சு நாட்டுக்கோ உருசிய நாட்டுக்கோ செல்ல வேண்டுவதில்லை. நம் அண்டை நாடாகிய கேரளத்திலே, மாணவனாக ஒரு நாளும் பள்ளியின் படியை மிதித்தறியாத ஒருவர், ஒரு நாட்டின் பள்ளிக் கதவுகளைத் திறக்கச் செய்தார். அவரே அய்யன்காளி. அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம்.சி. இராஜா ஆகியோர் பெயர்களையும் கூட்டங்களில் கேட்டிருப்பர். மேற்கு மலைக்கு அப்பால் நின்று போராடிய இப்பெரியாரை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. கல்விக்கென்றே தோன்றிய நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாறு இடம்பெறுவது முற்றிலும் பொருத்தமுடையது என எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, இன்று பெருந்துறைமுகம் அமைந்துள்ள விழிஞ்ஞத்திற்கு அருகில் இருப்பது வெங்கானூர் என்னும் ஊர். 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள் அவ்வூரில் அய்யன், மாலா என்னும் பெற்றோர்க்கு மூத்த மகனாக அவர் பிறந்தார். இட்ட பெயர் காளி. தந்தையின் பெயர் முன்னே சேர அய்யன்காளி ஆயிற்று. அவர் பிறந்த குலம் புலையர் குலம். இச்சொல் தமிழில் வசைச் சொல்லாக இழிந்துவிட்டமையால் இதனை எழுதவே நம் கை கூசுகிறது. ஆயினும் கேரளத்தில் அது ஒரு மக்கட் பிரிவின் பெயர். வயலைக் குறிக்கும் புலம் என்னும் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். வயலிலே பிறந்து, வயலிலே உழைத்து, வயலிலேயே மடிந்த மக்கள் அவர்கள்.

திருவிதாங்கூர் அரசில் 1855-ஆம் ஆண்டு வரை மனிதரை மனிதர் விலைக்கு விற்பதும் வாங்குவதும் சட்டப்படியே நடைபெற்று வந்தன. அவ்வாண்டில் அரசு அடிமை முறையை ஒழித்தது. ஆனால் ஒழிந்தது சட்டம் மட்டுமே. புலையர் பொதுச் சாலையில் நடத்தல் கூடாது. மேல்சாதியார் எதிர்ப்பட்டால் இத்தனை அடி தொலைவு விலகி நிற்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை கூடாது. சந்தைக்குள் நுழைதல் கூடாது. பெண்கள் தம் குலத்தை ஊர் அறியக் கழுத்தில் கல்லுமாலை அணிந்தே தீர வேண்டும். எழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் ஊர்கள் 1956-ஆம் ஆண்டு தமிழகத்தோடு இணையும் வரை அதே ஆட்சிப் பகுதியில் இருந்தவை; அவையும் இவ்வழக்கங்களுக்கு உட்பட்டே கிடந்தன. ஆகவே இது எவரோ அயலாரின் கதை அன்று.

அய்யன்காளி நல்ல உடற்கட்டு உடையவர். இளமையிலேயே தம் வயதொத்த இளைஞர்களைச் சேர்த்துச் சிலம்பம் முதலிய தற்காப்புக் கலைகளைப் பயின்றார். அடித்தால் வாங்கிக்கொள்வதே தருமம் என்று பழகிப்போன குலத்தில், அடியைத் தடுக்கவும் கை உண்டு என்று அறிந்த ஒரு கூட்டம் அவரைச் சுற்றி வளர்ந்தது. 1888-ஆம் ஆண்டில் செல்லம்மா என்னும் அம்மையாரை மணந்தார்.

அவர் வாழ்வின் முதற் பெருஞ்செயல் 1893-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வில்வண்டி ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். நம் பாட்டனார் காலத்தில் நம் ஊர்களிலும் வில்வண்டி ஏறுவோர் யாவர் என்பதை முதியோர் அறிவர். செல்வர்களும் நிலக்கிழார்களும் மட்டுமே ஏறத்தக்க ஊர்தி அது. அய்யன்காளி வெள்ளை வேட்டி உடுத்து, மேலாடை அணிந்து, தலைப்பாகை கட்டி, காளைகளின் கழுத்து மணி ஒலிக்க, புலையர் கால் வைக்கக் கூடாத பொதுச் சாலையில் அவ்வண்டியைச் செலுத்தினார். வழிமறித்தவர்களைக் கண்டு அவர் வண்டியைத் திருப்பவில்லை. கத்தியை உருவிக்கொண்டு எதிர் நின்றார். வண்டி தொடர்ந்து சென்றது.

இச்செயலை வெறும் வீரச் செயலாக மட்டும் நாம் காண்பதற்கில்லை. அதன் பின்னே ஓர் எண்ணம் இருந்தது. சாலை அரசுடையது, அரசு நம்முடைய உழைப்பால் வாழ்வது, ஆகவே சாலையில் செல்ல எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை என்பதே அது. மனு எழுதி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஒரு முறை. உரிமையை உரிமையாகவே கருதிக் கையாளத் தொடங்கிவிடுவது மற்றொரு முறை. எழுதத் தெரியாத அய்யன்காளி இரண்டாவதைத் தேர்ந்தார். 1898-ஆம் ஆண்டில் தம் தோழர்களுடன் சந்தைக்கு நடந்து சென்றபோது பாலராமபுரம் சாலியர் தெருவில் பெருங்கைகலப்பு மூண்டது. இருதரப்பிலும் பலர் காயமுற்றனர். ஆனால் அச்செய்தி பரவிய ஊர்தோறும் புலைய இளைஞர்கள் சாலையில் இறங்கத் தலைப்பட்டனர்.

இக்காலத்தில் அவருக்குத் துணையாய் நின்ற பெரியோருள் ஒருவர் தமிழர் என்பது நாம் மகிழத்தக்கது. தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்பார் சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் பயிற்றிய துறவி. அவர் தம் இல்லத்தில் அய்யன்காளியையும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார். அக்காலத்தில் அது எத்தகைய துணிவு என்பதை இன்று உணர்வது அரிது.

சாலை கிடைத்தது. அடுத்து என்ன என்ற வினா எழுந்தபோது, நிலம் வேண்டும், கூலி வேண்டும், கோயில் வேண்டும் என்று பலரும் பலவாறு கூறியிருக்கக்கூடும். அய்யன்காளியின் உள்ளம் பற்றியது எழுத்தை. 1904-ஆம் ஆண்டில் வெங்கானூரில் தம் குலத்துச் சிறுவர்களுக்கென ஓலைக்கூரையில் ஒரு குடிப்பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். தொடங்கிய அன்று இரவே அது தீக்கிரையாக்கப்பட்டது. மீண்டும் கட்டினார். ஓலையும் மூங்கிலும் கொண்டு கட்டிய குடிசையைக் கண்டு நிலக்கிழார்கள் அத்துணை அஞ்சினர் என்றால், அதனுள் நிகழ இருந்ததன் ஆற்றலை அவர்கள் நம்மவரினும் நன்றாக அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

1907-ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கம் என்னும் அமைப்பை அவர் நிறுவினார். எளிய மக்களைக் காக்கும் சங்கம் என்பது பொருள். நாராயண குருவின் தலைமையில் 1903-ஆம் ஆண்டில் ஈழவ மக்கள் அமைத்த யோகம் அதற்கு வழிகாட்டியாய் இருந்தது. கிளைகள் ஊர்தோறும் தோன்றின. நாள் முழுதும் சேற்றில் நின்றவர்கள் மாலையில் கூடி, தூய்மை, ஒற்றுமை, குடியொழித்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவற்றைப் பற்றிப் பேசினர்.

அவ்வாண்டிலேயே அரசும் ஒரு நல்ல காரியம் செய்தது. புலையர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என ஆணை பிறப்பித்தது. ஆணை தலைநகரில் பிறந்தது, ஊரை அடையவில்லை. பள்ளி அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டனர். பிள்ளையை அழைத்துச் சென்ற தந்தை வாசலிலேயே விரட்டப்பட்டார். அரசுப் பணியில் முப்பதாண்டுக்கு மேல் கழித்த நமக்கு, கோப்பிலே உறங்கும் ஆணைகள் புதியன அல்ல. ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவருவது வெளியிலிருந்து எழும் அழுத்தமே.

அழுத்தத்தை எங்கே கொடுப்பது? புலையரிடம் பொருள் இல்லை, பதவி இல்லை, வழக்குரைஞர் இல்லை, செய்தித்தாள் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அவர்கள் கை. அந்தக் கை நாற்றை நடாவிட்டால் திருவிதாங்கூரின் நெல்வயல்கள் களைக்காடாகும். இதனைக் கண்டுகொண்டதே அய்யன்காளியின் தனிச் சிந்தனை. எங்கள் பிள்ளைகளை உங்கள் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என அவர் அறிவித்தார். கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தவரை உலக வரலாற்றில் நிறையக் காணலாம். நூறாண்டுக்கு முன், ஒரு நெல்மணி சேமிப்பும் இல்லாத உழவுத் தொழிலாளர், தம் பிள்ளைகளின் கல்விக்காகக் கலப்பையைக் கீழே வைத்தது நினைந்து நினைந்து வியத்தற்குரியது.

1907, 1908 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் பள்ளிச் சேர்க்கையோடு வேறு சிலவும் அடங்கும். தொழிலாளரை அடித்தல் கூடாது; பொய் வழக்கில் சிக்கவைத்தல் கூடாது; சாலையில் தடையின்றி நடக்க வேண்டும்; வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும்; கூலி உயர வேண்டும். நிலக்கிழார்கள் முதலில் நகைத்தனர். சில நாள் பட்டினி கிடந்தால் தாமே வந்து காலில் விழுவர் எனக் கருதினர். நாட்கள் கழிந்தன, திங்கள்கள் கழிந்தன. எவரும் வரவில்லை. தாமே சேற்றில் இறங்கிப் பார்த்த நிலக்கிழார் குடும்பத்தினர் அவ்வேலை தம்மால் ஆகாது எனக் கண்டனர். ஆத்திரத்தில் குடிசைகள் தாக்கப்பட்டன. தொழிலாளர் இல்லங்களிலோ அடுப்பு எரியவில்லை.

அந்நிலையில் அய்யன்காளி விழிஞ்ஞத்து மீனவரை நாடினார். கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு வள்ளத்திலும் புலையர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, கிடைக்கும் மீனில் அவருக்கும் ஒரு பங்கு தருமாறு வேண்டினார். அவர்கள் இசைந்தனர். உழவர்க்கு மீனவர் சோறிட்டனர். நம் இளைஞர்கள் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்க வேண்டும். நம்மினும் சற்றே மேலாகவோ கீழாகவோ வாழும் ஏழையோடு பகைகொள்வதிலேயே நம் ஊர்களில் எத்தனை ஆண்டுகள் வீணாயின! இறுதியில் அரசு தலையிட்டு, நீதிபதி ஒருவர் நடுவராக அமர்ந்து, உடன்பாடு காணப்பட்டது. கூலி உயர்ந்தது, சாலை உரிமையும் பள்ளிச் சேர்க்கையும் ஏற்கப்பட்டன.

இங்கே ஒரு செய்தியைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும், சில வேளை முடிக்காமலும், கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் செல்லும் நம் பிள்ளைகள் பலர். அன்றாடக் கூலி கையில் விழுவதைக் கண்ட பெற்றோரும் அதனைத் தடுப்பதில்லை. வறுமையே காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வெங்கானூர் வட்டத்து மக்கள் அடுப்பெரியாத வீட்டிலிருந்து கூலியை மறுத்துப் பள்ளியைக் கேட்டனர் என்பதை அப்பெற்றோர்க்கு யாரேனும் எடுத்துரைத்தல் நலம்.

அரசு 1910-ஆம் ஆண்டில் பள்ளிச் சேர்க்கை ஆணையை மீண்டும் வலியுறுத்தியது. அப்போது எழுந்த எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. சுதேசாபிமானி இதழின் ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை, திவானின் ஆட்சியை அஞ்சாது கண்டித்து, அதன் பொருட்டே அவ்வாண்டில் நாடு கடத்தப்பட்டவர். பேச்சுரிமைக்குப் பாடுபட்டவராக இன்றும் போற்றப்படுபவர். அவரே, தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர் பிள்ளைகளையும் நிலத்தை உழுதவர் பிள்ளைகளையும் ஒரு வகுப்பில் வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரு நுகத்தில் பூட்டுவது போலாகும் என்ற கருத்தில் எழுதினார். ஒரு துறையில் முற்போக்கு உடையவர் எல்லாத் துறையிலும் அவ்வாறே இருப்பர் என நம்பிவிடுதல் ஆகாது. பெயர் பெற்ற பெரியோர் எழுத்தாயினும் நம் பிள்ளைகளைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார்த்தே மதிப்பிடல் வேண்டும்.

திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்னும் மக்கள் மன்றம் இருந்தது. புலையர் சார்பில் பேச முதலில் வேற்றுச் சாதியினரான பி.கே. கோவிந்தப் பிள்ளை என்னும் இதழாசிரியர் நியமிக்கப்பட்டார். அவர் பெருந்தகை. அம்மக்களின் குறையை அவர்களுள் ஒருவரே வந்து சொல்லட்டும் என அவரே சபையில் எடுத்துரைத்தார். அவ்வாறே 1911-ஆம் ஆண்டு இறுதியில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1912-ஆம் ஆண்டில் சபையில் அமர்ந்தார். அப்போது திவானாக இருந்தவர் பி. இராஜகோபாலாச்சாரி. தலைப்பாகையும் மேற்சட்டையும் அணிந்து, எழுத்தறியாத அவ்வுழவர், பட்டம் பெற்றோரும் நிலக்கிழாரும் நிறைந்த அவையில் எழுந்து, நிலமற்றோர்க்குப் புறம்போக்கு நிலம், பிள்ளைகளுக்குப் பள்ளி, கட்டணச் சலுகை, அரசு வேலை என ஆண்டுதோறும் இடைவிடாது கேட்டு வந்தார். கேட்டவற்றுட் சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கேட்பதை அவர் நிறுத்தவில்லை. பல்லாண்டுகள் அவர் அச்சபையில் பணியாற்றினார்.

இனி, ஊரூட்டம்பலம் நிகழ்ச்சிக்கு வருவோம். கொல்லம் ஆண்டு 1090, அதாவது 1914-15. நெய்யாற்றின்கரைக்கு அருகில் உள்ள ஊரூட்டம்பலம் அரசுப் பெண்கள் பள்ளிக்கு, பூஜாரி அய்யன் என்பாரின் மகள் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அரசின் ஆணை கையில் இருந்தது. தலைமையாசிரியர் சேர்க்க மறுத்தார். ஆணையைக் காட்டி வற்புறுத்திச் சிறுமியை வகுப்பறையில் அமர்த்தினர். வெளியே கூட்டம் கூடியது, கைகலப்பு நிகழ்ந்தது. பள்ளி எரிக்கப்பட்டது. தீட்டுப்பட்ட கட்டடம் இருப்பதினும் இல்லாதிருப்பதே மேல் என்று எண்ணினர் போலும்! தம் பிள்ளைகளும் பயின்ற பள்ளியையே அவர்கள் சாம்பலாக்கினர். கலகம் சுற்றுப்புற ஊர்களுக்கும் பரவி, பல குடிசைகள் சூறையாடப்பட்டன. கேரள வரலாற்றில் அது தொண்ணூறாமாண்டுக் கலகம் எனப்படுகிறது.

நாமும் ஒரு தலைமையாசிரியர். ஆண்டுதோறும் ஜூன் திங்களில், தந்தையின் விரலைப் பிடித்தபடி வாசலில் தயங்கி நிற்கும் குழந்தைகளைக் காண்கிறோம். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயரை எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை ஒரு சிறுமிக்குத் தர மறுத்ததனால் ஒரு வட்டாரமே தீப்பற்றி எரிந்தது. அன்று அந்நாற்காலியில் இருந்தவர் சாதிவெறியரோ, ஊருக்கு அஞ்சியவரோ, எவராயினும் ஆசிரியத் தொழிலுக்கு அவர் தேடித்தந்தது தீராப் பழி.

பள்ளிகள் அமைந்த பின்னும் ஆசிரியர் கிடைப்பது அரிதாயிற்று. புலையர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முன்வந்த மேல்சாதி ஆசிரியர் தாக்கப்படக்கூடும் என்பதால், சங்கத்து இளைஞர்கள் அவருக்குக் காவலாக உடன் வந்தனர். ஆசிரியரை இவ்வாறு காத்துப் போற்றிய மாணவர் குலம் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

1915-ஆம் ஆண்டில் கொல்லத்திற்கு அருகில் பெரிநாட்டில் மற்றொரு நெருப்பு மூண்டது. பெண்கள் கல்லுமாலையைக் கழற்றி எறிந்து மேலாடை அணிய வேண்டும் என கோபாலதாசன் என்னும் சங்கத் தொண்டர் எடுத்துரைத்தார். அதனைப் பொறாதவர்கள் கூட்டத்தில் புகுந்து தாக்கினர். கலவரம் வலுத்து இருதரப்பிலும் வீடுகள் எரிந்தன. அய்யன்காளி கொல்லம் விரைந்து, அவ்வாண்டு டிசம்பர் திங்களில் புகைவண்டி நிலையத் திடலில் இருந்த சர்க்கஸ் கூடாரத்தில் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டினார். நாயர் சமுதாயத் தலைவர் சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை தாங்கினார். எதிர்த்தவர்களையே சாட்சியாக வைத்துக்கொண்டு காரியத்தை முடித்த திறம் இங்கே விளங்குகிறது. பெண்கள் மாலையைக் கழற்ற அவையோர் இசைகின்றனரா எனத் தலைவர் வாயிலாகக் கேட்டு, அனைவரும் இசைந்தபின், இரு பெண்களை மேடைக்கு அழைத்தார். அவர்கள் தம் கழுத்து மாலையை அறுத்து எறிந்தனர். அடுத்த கணம் கூடியிருந்த பெண்கள் அனைவரும் அறுத்தெறிய, மேடையருகே கல்லுமாலைகள் குவிந்தன. கத்தி தூக்கி வில்வண்டியில் நின்ற இளைஞர், ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில் பகைவரோடு ஒரே மேடையில் அமர்ந்து வெல்லும் தலைவராக முதிர்ந்திருந்தார்.

அவருடைய ஒருவர் எண்ணமே இத்தனையும் செய்தது என்று கூறின் அது மிகையாகும். மிஷனரிமார் பள்ளிகள், நாராயண குருவின் இயக்கம், நல்லெண்ணம் படைத்த அதிகாரிகள் சிலர் ஆகிய அனைத்தும் அக்காலத்தில் இருந்தன. ஆனால் விறகு அடுக்கியிருந்தாலும் தீக்குச்சியைக் கிழிக்க ஒருவர் வேண்டும். வயலையும் எழுத்தையும் ஒரே கயிற்றில் பிணைக்கலாம் என்பது அவருக்கு முன் எவருக்கும் தோன்றவில்லை.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். அதனையொட்டி 1937-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டில் பயணம் செய்த காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைக் கண்டார். நாடெங்கும் கோயில் திறந்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளை அது. எழுபதைக் கடந்த அம்முதியவர் கோயிலைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. தாம் கண் மூடுவதற்கு முன் தம் குலத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றிருப்பதைக் காண வேண்டும் என்பதே தம் ஆசை என்றார். நூறல்ல, ஆயிரமல்ல, பத்தே பேர். நம் பெயரின் பின்னும் அவ்விரண்டு எழுத்துகள் உள்ளன. பல்கலைக்கழகத்தில் அவற்றைப் பெற்ற நாளில் அவற்றின் விலை நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

1941-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அய்யன்காளி இயற்கை எய்தினார். வெங்கானூரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1980-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் வெள்ளயம்பலம் சந்திப்பில் அவர் சிலையை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் திறந்து வைத்தார். நகரின் நடுவே விக்டோரியா மகாராணியின் பெயரால் விளங்கிய மண்டபத்திற்கு 2019-ஆம் ஆண்டில் கேரள அரசு அய்யன்காளியின் பெயரைச் சூட்டியது. ஊரூட்டம்பலத்தில் எரிக்கப்பட்ட அப்பள்ளியும் பிற்காலத்தில் மீண்டும் எழுந்தது. இன்று அது அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அன்றைய தீயில் கருகிய பெஞ்சு ஒன்றை அங்கே பாதுகாத்து வைத்துள்ளனர்.